வெளியூர் வேலை, ஒரே ஃப்ளாட், கொடியில் ஒரு லுங்கி

இந்தத் தடவை வந்த கடிதங்களில் நாலைந்து, சொல்லிவைத்த மாதிரி ஒரே விஷயத்தைப் பற்றி இருந்தன. வேலைக்காக வெளியூர் போகும் கணவனோ மனைவியோ அங்கே யாரோடு தங்குகிறார்கள், எப்படித் தங்குகிறார்கள் என்பதுதான் விஷயம். எல்லாமே கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கடிதங்கள். பெயர், தெரு, கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வயது 35, தனியார் வங்கியில் வேலை. மனைவி புதுச்சேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள், ஆஸ்பத்திரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக்கொடுக்கும் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவாள், அதில் எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியூர் போவாள், எட்டு நாள், பத்து நாள் ஆகும். போன தடவை விசாகப்பட்டினம். ஹோட்டலில் தங்குகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி பாப்பா அம்மாவைப் பார்க்கணும் என்று அடம்பிடிக்க, வீடியோ கால் போட்டேன். பின்னால் ஒரு ஹால், சோபா, ஜன்னல் ஓரக் கொடியில் லுங்கி காய்கிறது. யாருடையது என்று கேட்டால், "கூட வேலை செய்யிற அண்ணனோடது, கம்பெனி மூணு பெட்ரூம் ஃப்ளாட் எடுத்துக் கொடுத்திருக்கு, எல்லாரும் இதுலதான் இருக்கோம்" என்று சாதாரணமாகச் சொல்கிறாள். எல்லாரும் என்றால் மூன்று ஆண்கள், இவள் ஒருத்தி. கூட வரவேண்டிய பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் வரவில்லையாம். இதற்கு முன்னால் போன ஊர்களிலும் இப்படித்தான் தங்கினாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. தனக்குத் தனி ரூம், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது என்கிறாள். நம்புகிறேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் விழுப்புரத்துக்கு ரயில் லேட்டாக வந்து, டீம் லீடர் காரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தாள், அன்றைக்கு அவள் அதைச் சொன்னதும் நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வேறு விஷயம். இப்போது அம்மா வேறு "இது என்ன உத்தியோகம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு நண்பன் அவள் போனில் லொகேஷன் போட்டு வை என்கிறான், இன்னொருவன் அந்த டீம் லீடர் மேல் கேஸே போடலாம் என்கிறான். நானே அவள் மேனேஜருக்கு போன் செய்து, தனி ஹோட்டல் கொடுங்கள், இல்லாவிட்டால் அனுப்ப மாட்டேன் என்று சொல்லலாமா? வேலையை விடச் சொல்லலாமா? நான் சந்தேகப் பிராணியா அக்கா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஹோட்டல் என்று நினைத்திருந்த இடத்தில் ஹாலும் சோபாவும் லுங்கியும் தெரிந்தால் யாருக்கும் வயிற்றில் ஒரு கலக்கம் வரும், எனக்கும் வந்திருக்கும். அதற்காக உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் கலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் கவலை, ஏனென்றால் நீங்கள் யோசித்து வைத்திருக்கும் எல்லாமே குடும்பத்தைக் கெடுக்கிற வழிகள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த ஃப்ளாட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அம்மா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், நண்பர்கள் சொன்னதைக் கூட எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறதா, பத்து நாள் அப்படி இருப்பது அவருக்கே சங்கடமாக இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. கேட்கவே இல்லை போல. கூட வரவேண்டிய பெண் கடைசி நேரத்தில் வராமல் போனபோது மூன்று ஆண்களோடு ஒரே வாசல்படியில் தனியாக நின்றவர் அவர். அந்த முதல் ராத்திரி அவர் நன்றாகத் தூங்கினாரா, பாத்ரூம் போக வெளியே வருவதற்கு யோசித்தாரா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாமா?

அப்புறம் அந்த விழுப்புரம் கதை. "அது வேறு விஷயம்" என்று எழுதி ஒரு கமா போட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்கென்னவோ அதுதான் விஷயம் என்று படுகிறது. ரயில் லேட், ராத்திரி, கையில் பெட்டி, கூட வேலை செய்கிறவர் காரில் கொண்டுவந்து வாசலில் விட்டார். நடந்ததை மறைக்காமல் வீட்டுக்கு வந்ததும் சொன்னார். அதற்கு அவருக்குக் கிடைத்தது இரண்டு நாள் மௌனம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பிள்ளை முன்னால் சாப்பாடு போட்டுக்கொண்டு, பதில் வராத இரண்டு நாள் எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் ஃப்ளாட் விஷயத்தை அவர் தானாக வந்து சொல்வார் என்று எதிர்பார்க்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் தண்டனை, சொல்லாவிட்டால் நிம்மதி என்று வீட்டில் ஒரு நடைமுறை வந்துவிட்டால் நல்ல மனுஷி கூட பாதியை முழுங்கத்தான் செய்வாள். ஆனால் ஒன்று, அவர் ஹோட்டல் என்று வாயால் சொன்னாரா, நீங்களாக நினைத்துக்கொண்டீர்களா என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. வாயால் சொல்லியிருந்தால் அது அவர் பக்கத்துத் தப்பு, அதை அவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கம்பெனிக்காரர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால், பணம். ஐந்து பேர், பத்து ராத்திரி, ஆளுக்கொரு ரூம் என்றால் ஐம்பது ரூம் வாடகை. மூன்று பெட்ரூம் ஃப்ளாட் எடுத்தால் ஒரே வாடகை, அடுப்பும் இருக்கும், நடுராத்திரி வந்தாலும் ஒரு ரசம் வைத்துக்கொள்ளலாம். அரசாங்கமே ஒன்றும் தாராளம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017-ல் நிர்ணயித்த வெளியூர் ரூம் வாடகை, கீழ்மட்ட ஐந்து நிலைகளுக்கு ஒரு நாளைக்கு 450 ரூபாய், அதற்கு மேல் எட்டாம் நிலை வரை 750 ரூபாய். அந்தக் காசுக்குப் பெரிய நகரத்தில் என்ன ரூம் கிடைக்கும்? இரண்டு பேர் சேர்ந்து எடுத்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் ரூமைப் பங்கு போடுவது உங்கள் மனைவியின் கம்பெனி கண்டுபிடித்த புதுப் பழக்கம் இல்லை.

அவர்கள் வேலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜிப்மர் மாதிரி ஒரு ஆஸ்பத்திரியின் ஓ.பி. வாசலில் காலையில் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், பகலில் எந்த ஆஸ்பத்திரியிலும் பில் கவுண்ட்டரை மூடிவைத்துப் பழைய சாஃப்ட்வேரை எடுத்துப் புதிதைப் போட முடியாது. கூட்டம் அடங்கிய பிறகு ராத்திரியில் மாற்றி, விடிவதற்குள் நோயாளி விவரம், மருந்து விலை, லேப் கட்டணம் எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், காலையில் கவுண்ட்டரில் உட்காரும் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும், நடுவில் ஏதாவது தகராறு செய்தால் வரிசையில் நிற்பவர்களின் திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படிப் பத்து நாள் ஓடினால் ஃப்ளாட்டுக்கு வருகிறவர்கள் பாயைத் தேடித்தான் வருவார்கள். உங்கள் கற்பனையில் அந்த ஹால் எப்படி இருக்கிறதோ தெரியவில்லை, நிஜத்தில் அங்கே நாலு சார்ஜரும் காலி பிஸ்கட் பாக்கெட்டும்தான் கிடக்கும்.

தேர்தல் வேலைக்குப் போகும் டீச்சர்களைத் தெரியும்தானே, முதல் நாளே வாக்குச்சாவடிக்குப் போய் முன்பின் தெரியாத ஆண்களும் பெண்களுமாக ஒரே பள்ளிக்கூடத்தில் ராத்திரி தங்குகிறார்கள். அவர்கள் வீட்டுக்காரர்கள் கொசுவர்த்தியும் போர்வையும் கொடுத்து அனுப்புகிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் ஊரைப் புரட்டிப் போட்டபோது வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் கல்யாண மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் படுத்து எழுந்துதான் கம்பம் நட்டார்கள். அவர்களிடம் பக்கத்தில் யார் படுத்தது என்று எந்த வீட்டிலும் கேட்டிருக்க மாட்டார்கள். வங்கிப் பயிற்சி என்று உங்களையும் சென்னைக்கு அனுப்பியிருப்பார்கள், அப்போது கூட இருந்தவர் யார், எப்படிப்பட்டவர் என்று உங்கள் மனைவி விசாரித்தாரா? ஆணோடு ஆண் தங்குவதும் இதுவும் ஒன்றா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஒன்று இல்லைதான். மூன்று ஆண்கள், ஒரு பெண் என்று ஒரு ஃப்ளாட்டில் போட்டது சரியான ஏற்பாடு என்று நானும் சொல்லவில்லை. இரண்டாவது பெண் வரவில்லை என்று தெரிந்த நிமிஷமே அந்தக் கம்பெனி உங்கள் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் ரூம் போட்டிருக்க வேண்டும். போடாதது அவர்கள் அலட்சியம். அதற்கு உங்கள் மனைவி குற்றவாளிக் கூண்டில் ஏறக்கூடாது, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

இப்போது உங்கள் யோசனைகளுக்கு வருகிறேன்.

மேனேஜருக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த போனை வைத்த பத்தாவது நிமிஷம் ஆபீஸ் முழுக்க "அவங்க வீட்டுக்காரர் பிரச்சினை பண்றாராம்" என்று பரவிவிடும். அடுத்த ப்ராஜெக்டுக்கு இவர் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள், கேட்டால் உங்கள் நல்லதுக்குத்தான் என்பார்கள், சம்பள உயர்வு சமயத்தில் "நீங்கதான் வெளியூர் போறதில்லையே" என்று வந்து நிற்கும். தனி ரூம் கேட்க வேண்டும் என்றால் கேட்க வேண்டியவர் அவர். ஊழியர் என்ற முறையில், தன் வாயால், முடிந்தால் மெயிலில். என்ன எழுதுவது என்று கீழே மூன்றாவது கடிதத்துக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

கேஸ் போடலாம் என்று சொன்ன நண்பருக்குத் தகவல் பழசாகிவிட்டது. பிறன்மனை விவகாரத்துக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்கு அது ஒரு காரணமாக இன்னும் இருக்கிறது, ஆனால் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. அதுவும் போக, கொடியில் லுங்கி காய்ந்ததற்கு எந்த ஊர் சட்டத்திலும் கேஸ் இல்லை. அந்த நண்பரோடு கொஞ்ச நாள் டீ குடிக்காமல் இருப்பது நல்லது.

லொகேஷன் போடுவது, பாஸ்வேர்டு வாங்குவது, கால் விவரம் எடுப்பது. மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த போன் விவரங்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது, தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. வேறொரு வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, உங்களுக்கு எதற்கு இது? சாட்சியம் தேடுகிறவர்கள் கோர்ட்டுக்குப் போகிறவர்கள். நீங்கள் போகப்போவதில்லை. லொகேஷனில் புள்ளி அந்த ஃப்ளாட்டில் நிற்கும், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய முழித்திருப்பீர்கள். அவர் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஃப்ளாட்டை விடப் பெரிய பிரச்சினை உங்கள் வீட்டில் ஆரம்பிக்கும்.

வேலையை விடச் சொல்வதா? ஐந்து வயசுப் பிள்ளை, வீட்டுக் கடன், எதிர்காலம் என்று கணக்குப் போட்டுத்தான் இரண்டு பேரும் சம்பாதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதையெல்லாம் விட்டாலும், உங்கள் மனசு ஆறுவதற்கு அவர் உத்தியோகத்தை விலையாகக் கேட்காதீர்கள்.

பேசுங்கள். அவர் ஊரில் இல்லாதபோது போனில் வேண்டாம், பக்கத்தில் அந்த மூன்று பேரும் இருப்பார்கள், அவரால் வாய்விட்டுப் பேசவும் முடியாது, அழவும் முடியாது. வந்து இறங்கிய அன்றைக்கும் வேண்டாம், தூங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போங்கள், பாப்பா மணலில் விளையாடட்டும், நீங்கள் தள்ளி உட்கார்ந்து பேசுங்கள். அம்மா காதில் விழாத தூரம் என்பது அதில் ஒரு கூடுதல் வசதி. "அன்னைக்கு விழுப்புரத்துல இருந்து வந்தப்ப நான் அப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டது தப்பு" என்று ஆரம்பியுங்கள். உண்மையாகவே அப்படி நினைத்தால் மட்டும் சொல்லுங்கள், உத்தியாகச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம், "ஃப்ளாட்ல தங்கறது எனக்குத் தெரியாம போனதுதான் ஒரு மாதிரி இருந்துச்சு, உனக்கு அங்க வசதியா இருக்கா" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். நடுவில் வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டால் கதை முடிந்தது.

அவர் வசதியாகத்தான் இருக்கிறது என்று சொன்னால், எந்த ஊர், எந்த இடம், கூட யார் யார், அவருக்கு பாத்ரூம் ரூமோடு சேர்ந்ததா, மெயின் கதவுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது, ராத்திரி ஏதாவது என்றால் உங்கள் போனை எடுக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடலாம், இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போகும்படி கேளுங்கள், நியாயமான கேட்பு. நீங்களும் வெளியூர் போனால் அதையே சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தால் அந்த டீமை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், மீன் குழம்பு வைத்துப் போடுங்கள். லுங்கிக்காரர் ஒருவேளை பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஓவர்டைம் பார்க்கும் சாதாரண மனுஷனாக இருப்பார், முகம் தெரிந்தவுடன் பாதி பயம் போய்விடும்.

எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, வேறு வழி இல்லாமல் இருந்தேன் என்று அவர் சொன்னால், பார்த்தாயா நான் அப்பவே சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தனி ரூம் கேட்டு மெயில் எழுத உதவி செய்யுங்கள்.

அம்மாவிடம், "அவ ஆபீஸ் விஷயம் எனக்குத் தெரியும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், வீட்டு வாயை மூட மகன் ஒருத்தன் போதும்.

கேள்வி: அம்மா, நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டை. என் வீட்டுக்காரர் ஃபிட்டர். ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஃபேக்டரியை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கும் வேலைக்கு, குஜராத் போயிருக்கிறார், காண்ட்ராக்டர் மூலம். பத்து பன்னிரண்டு பேர் ஒரே ஷெட்டில் தங்கியிருக்கிறார்கள். கூட இருப்பவர்களில் பாதிப் பேர் குடிக்கிற ஆட்கள். இவருக்கு இங்கே அந்தப் பழக்கம் கிடையாது. அங்கே போய்க் கெட்டுவிடுவாரோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. திரும்பி வரச் சொல்லட்டுமா?

பதில்: அம்மா, பாண்டிச்சேரியில் இத்தனை வருஷம் இருந்து, தெருவுக்குத் தெரு கடை இருக்கிற ஊரில் குடிக்காத மனுஷன், மதுவிலக்கு இருக்கிற குஜராத்துக்குப் போய் ஆரம்பித்துவிடுவாரோ என்று பயப்படுகிறீர்களே! கொஞ்சம் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் பயத்தில் நிஜம் இல்லாமலும் இல்லை. கடையில் கிடைக்காத ஊரில் திருட்டுத்தனமாக வருவதைத்தான் குடிப்பார்கள், அது எதில் காய்ச்சியது என்று யாருக்கும் தெரியாது. 2022 ஜூலையில் குஜராத்தின் போட்டாட் பக்கம் விஷச் சாராயம் குடித்து நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். இந்த ஒன்றை மட்டும் அவரிடம் போனில் சொல்லுங்கள், "கூட இருக்கிறவங்க கூப்பிட்டா அங்க கிடைக்கிறதத் தொடாதீங்க" என்று. தினமும் "குடிச்சீங்களா, குடிச்சீங்களா" என்று கேட்காதீர்கள், பன்னிரண்டு பேர் நடுவில் அவருக்கு மானம் போகும்.

நீங்கள் கேட்க மறந்த வேறொரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பன்னிரண்டு பேருக்கு ஒரு ஷெட்டா? கக்கூஸ் எத்தனை, குடிதண்ணீர் எங்கிருந்து, மின்விசிறி இருக்கிறதா என்று கேளுங்கள். வெளி மாநிலத்திலிருந்து ஆள் கூட்டிப்போகும் காண்ட்ராக்டர் தங்குவதற்குத் தகுந்த இடம் கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே ஒரு சட்டம் வந்தது, 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஒருத்தராகக் கேட்டால் வண்டி ஏற்றிவிடுவார்கள், பன்னிரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் கேட்கத்தான் வேண்டும். குடிக்கிற பாதிப் பேருக்கும் கக்கூஸ் வேண்டும்தானே. திரும்பி வரச் சொல்லவேண்டாம், ஷட்டவுன் வேலை முடிந்தால் தானாக வந்துவிடுவார்.

கேள்வி: மேடம், வயது 24. நெய்வேலி வீடு, வேலை புதுச்சேரியில். அடுத்த மாதம் கோயம்புத்தூர் போகணும், தங்குவது ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட், சீனியர்கள் இரண்டு பேர் ஆண்கள், நான் ஒரே பெண். எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று பயம். ஆபீஸில் கேட்டால் புதுசு, இப்பவே ஆரம்பித்துவிட்டாள் என்பார்களோ என்றும் பயம்.

பதில்: மாப்பிள்ளை வீட்டைக் கொஞ்சம் தள்ளி வை பெண்ணே. உனக்கு எப்படி இருக்கிறது? சங்கடமாக இருக்கிறது என்றால் அது ஒன்றே போதும், மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. அப்படிச் சொன்னால் கல்யாணத்துக்குப் பிறகு உன் ஆபீஸ் விஷயம் எல்லாவற்றுக்கும் அவர் அனுமதி வேண்டும் என்று அங்கேயும் நினைப்பார்கள், இங்கேயும் நினைப்பார்கள்.

மெயிலைச் சின்னதாக எழுது. "கோயம்புத்தூர் பயணத்துக்குத் தங்கும் ஏற்பாட்டில் நான் ஒருத்தி மட்டுமே பெண் என்று தெரிந்துகொண்டேன். எனக்குத் தனி ஹோட்டல் ரூம், அல்லது பெண் சக ஊழியரோடு பகிரும் ரூம் ஏற்பாடு செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். டிக்கெட் போடுவதற்கு முன் உறுதிப்படுத்தினால் உதவியாக இருக்கும்." இவ்வளவுதான். மன்னிக்கவும், தொந்தரவுக்கு வருந்துகிறேன், தப்பாக நினைக்கவேண்டாம் எல்லாம் வேண்டாம். ஹெச்.ஆர். இருந்தால் அவர்களுக்கும் காப்பி வை. வாய்வார்த்தையாகக் கேட்டால் "பாத்துக்கலாம்மா" என்று சொல்லி மறந்துவிடுவார்கள், அங்கே போய் இறங்கிய பிறகு ராத்திரி ஒன்பது மணிக்கு எதுவும் மாற்ற முடியாது.

2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம் என்றால் ஆபீஸ் கட்டடம் மட்டும் இல்லை. வேலை நிமித்தம் நீ போகும் எந்த இடமும், அதற்காகக் கம்பெனி கொடுக்கும் வண்டியும் அதில் சேர்த்தி. கோயம்புத்தூரில் யாராவது எல்லை மீறினால், அது வெளியில் நடந்தது, ராத்திரி நடந்தது, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று கம்பெனி கைகழுவ முடியாது. பத்துப் பேர் வேலை செய்தாலே புகார்க் குழு இருக்க வேண்டும், தலைமைக்கு மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். உன் ஆபீஸில் அந்தக் குழு உறுப்பினர்கள் பெயரைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், நாளைக்குப் போய்ப் பார். இல்லையென்றால் அதுவே ஒரு தகவல்.

அந்த இரண்டு சீனியர்களும் தங்கமான மனிதர்களாகவே இருக்கலாம். தனி ரூம் கேட்பது அவர்கள் மேல் புகார் சொல்வது ஆகாது. அவர்களே கூட நிம்மதியாகத் துண்டைக் கட்டிக்கொண்டு உலாவலாம் என்று சந்தோஷப்படுவார்கள்.

மாப்பிள்ளையிடம் சொல்வதா? இப்போதே சொல். கோயம்புத்தூர் போகிறேன், இன்ன ஏற்பாடு, இப்படிக் கேட்டிருக்கிறேன் என்று. கேட்டுக்கொண்டு என்ன பதில் சொல்கிறார் என்று பார், கல்யாணத்துக்கு முன்னால் உனக்கும் தெரியவேண்டியதுதான்.

கேள்வி: சார்/மேடம், ஆடிட் வேலைக்கு வெளியூர் போனால் கூட வேலை செய்கிறவரோடு ரூம் பகிர்கிறேன், ஆண்தான். அவர் படுத்தவுடன் குறட்டை. ராத்திரி வீட்டுக்கு போன் பேசினால் மனைவி "யாரு அது பக்கத்துல" என்கிறாள். ஆண் என்று சொன்னால் நம்பவில்லை. என்ன செய்ய? — அரியாங்குப்பம்

பதில்: அவர் முழித்திருக்கும்போது ஒரு தடவை போனை அவர் கையில் கொடுத்து, "அக்கா நல்லா இருக்கீங்களா" என்று பேசச் சொல்லுங்கள். அதற்கப்புறமும் நம்பவில்லை என்றால் பிரச்சினை குறட்டையில் இல்லை, ஊருக்கு வந்து நேரில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் ஏதோ பாக்கி இருக்கிறது, என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்த தடவை போகும்போது காதுக்குப் பஞ்சும் எடுத்துக்கொண்டு போங்கள், இத்தனை நாளும் தூங்கியிருக்க மாட்டீர்களே.